வரிசை தப்பாத முட்டைகள்

கடல் முள்ளெலியின் முட்டை பொடி மணல் அளவுதான் இருக்கும். கடல்நீரோடு சேர்த்துக் கண்ணாடித் தட்டில் எடுத்தால், அடியில் லேசாகப் புகை படிந்த மாதிரி தெரியும், அவ்வளவுதான். ஆனால் அதில் ஒரு சொட்டு விந்துநீரை விட்டுவிட்டு உருப்பெருக்கியில் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் முட்டையைச் சுற்றி ஒரு சவ்வு விம்மி எழும். வந்தவரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி, இனி வேறு விந்து நுழைய முடியாது. அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்கு வெளியிலிருந்து பார்க்க எதுவும் நடக்காது. அறுபதாவது நிமிடத்தை ஒட்டி நடுவில் ஒரு பள்ளம் விழும். இடுப்பில் நூல் கட்டி இறுக்கியது போல முட்டை இரண்டாகும். ஒன்றல்ல, தட்டிலுள்ள ஆயிரக்கணக்கான முட்டைகளும், மணியடித்துக் கூப்பிட்ட பிள்ளைகள் மாதிரி, பத்துப் பதினைந்து நிமிட இடைவெளிக்குள் ஒன்றாகப் பிளந்துவிடும்.

இந்த ஒழுங்கை நம்பித்தான் முட்டையக்காவின் பிழைப்பு நடந்தது. கடல் ஆய்வுக்கூடத்தில் இயக்குநர் முதல் வாசல் காவலர் வரை எல்லோருக்கும் அவள் முட்டையக்காதான். முட்டைக்குக் கதிர்வீச்சு கொடுத்தால் அது சாவதில்லை, பிளப்பதில்தான் தாமதம் வருகிறது. எவ்வளவு கதிருக்கு எத்தனை நிமிடத் தாமதம் என்று எண்ணிச் சொல்வது அவள் வேலை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தட்டிலிருந்து ஒரு சொட்டு எடுத்து பார்மலின் குப்பியில் விடுவாள். அந்த நிமிடத்தில் இருந்த நிலையிலேயே முட்டைகள் உறைந்துபோகும். பிறகு சாவகாசமாக நூறு நூறாக எண்ணி, எத்தனை பிளந்திருக்கிறது என்று வரைதாளில் புள்ளி வைப்பாள். பத்தொன்பது வருடங்களாக வைத்த புள்ளிகள் சேர்ந்து ஒரு வளைகோடாக அவள் மேசைக்கு மேலே சுவரில் தொங்கின. கதிரின் அளவு தெரிந்தால் தாமதத்தைச் சொல்லும் கோடு அது. திருப்பிப் படித்தால், தாமதத்திலிருந்து கதிரின் அளவையும் சொல்லும். திருப்பிப் படிக்கும் தேவை அதுவரை யாருக்கும் வந்ததில்லை.

அவளுடைய தம்பியும் அங்கேயே வேலை பார்த்தான். அவன் கதிர் அறையை இயக்குபவன். பள்ளிக்கூட நாளிலிருந்து அவனுக்கு ஆமை என்று பெயர். சட்டையில் பொத்தான் போட்டு முடிப்பதற்குள் அடுத்த பாடவேளை வந்துவிடும் என்று சொல்வார்கள். அக்கா சிபாரிசில்தான் வேலைக்குச் சேர்ந்தான். அதைச் சொல்லிக் காட்டாத நாள் இல்லை, இரண்டு பேருமே.

கதிர் அறை தரைக்குக் கீழே, திருப்பம் திருப்பமாகப் போகும் ஒரு நடையின் கடைசியில் இருந்தது. அறை நடுவே ஓர் ஈயக் குடம். குடத்துக்குள் சுண்டுவிரல் அளவில், கதிர் வீசும் ஒரு கோபால்ட் துண்டு. வெளியே நின்று கைப்பிடியைச் சுற்றினால் ஒரு கம்பி அந்தத் துண்டைக் குழாய் வழியாக மேலே தூக்கும். அதிலிருந்து முப்பது சென்டிமீட்டர் தள்ளி, மேடையில் இருக்கும் முட்டைத் தட்டின் மேல் கதிர் விழும். திருப்பிச் சுற்றினால் துண்டு குடத்துக்குள் போய்விடும். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தால் துண்டு வெளியே, பச்சை எரிந்தால் உள்ளே. ஆனால் இதில் ஒரு சூட்சுமம் உண்டு. விளக்குக்கான மின்கம்பி கைப்பிடியோடு இணைக்கப்பட்டிருந்தது. கைப்பிடி எத்தனை சுற்று சுற்றியது என்பதுதான் விளக்குக்குத் தெரியும். துண்டு எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

அதற்காகத்தான் அறைக்குள் ஓர் அபாய மணி வைத்திருந்தார்கள். உப்புக்காற்று பட்டுப் பட்டு அது காரணமில்லாமல் அலற ஆரம்பித்தது. இரண்டு மாதம் முன்பு அதன் கம்பியைப் பிடுங்கிவிட்டு, புதிதுக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். கையில் பிடித்துக் கதிரை அளக்கும் மீட்டர் பழுது பார்க்கப் போயிருந்தது. உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று காட்ட, சட்டையில் குத்திக்கொள்ள வேண்டிய பட்டையோ ஆமையின் அலமாரிக்குள் தொங்கியது. அது அவன் மட்டும் செய்ததல்ல. பட்டையில் அளவு கூடிவிட்டால் ஆறு மாதம் தொட்டி கழுவ அனுப்பிவிடுவார்கள். ஆகவே கதிர் அறையில் வேலை பார்த்த எல்லோரும் பட்டையைப் பத்திரமாகக் கதிர் படாத இடத்தில் வைத்திருந்தார்கள்.

அன்று காலை முதல் தட்டுக்கு இருபது நிமிடம் கதிர் கொடுத்து முடித்தார்கள். கதிரை அளக்கும் கணக்கில் நூறு கிரே. அடுத்தது கன்ட்ரோல் தட்டு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. கதிரைத் தவிர மற்றதெல்லாம் கன்ட்ரோலுக்கும் அப்படியே நடக்க வேண்டும். அதே அறை, அதே மேடை, அதே குளிர், அதே இருபது நிமிடம், அதே சுழற்சி. அப்போதுதான் தாமதம் வந்தால் அது கதிரால் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியும்.

சுழற்சி என்பது சின்ன விஷயமில்லை. தட்டை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருக்காவிட்டால் முட்டைகள் அடியில் குவிந்துவிடும். மேலே இருப்பது மூச்சு விடும், அடியில் இருப்பது திணறும். பிறகு விந்து சேர்த்தால் ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்குப் பிளக்கும். ஒன்று அறுபதில், ஒன்று எண்பதில், சில பிளக்கவே பிளக்காது. சுழற்றுவதற்கு மேடையில் ஒரு மோட்டார் இருந்தது. அது அன்று முதல் தட்டை முடித்த கையோடு புகைந்துபோனது.

ஆமை உள்தொலைபேசியில் கூப்பிட்டான். "அக்கா, மோட்டார் ஊத்திக்கிச்சு. கன்ட்ரோலை நாளைக்கு வெச்சுக்கலாமா?"

"நாளைக்கு வரைக்கும் முட்டை உனக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா? கையால சுத்து."

"இருபது நிமிஷமா?"

"இருபது நிமிஷம்தான். போன மாசம் மாதிரி மேடையில வெச்சுட்டு டீ குடிக்கப் போனே, தெரியும்."

"அதுக்குத்தான் ரெண்டு நாள் திட்டித் தீத்துட்டியே."

"ஒரு வாரத்து வேலை நாசம்டா. பாதி முட்டை ஒரு பக்கம், பாதி ஒரு பக்கம். உனக்கென்ன, ஓட்டுக்குள்ள தலையை இழுத்துக்குவே."

"சரி சரி, சுத்தறேன். என் கை கழண்டு விழுந்தா நீதான் வந்து மாட்டணும்," என்று சொல்லி வைத்துவிட்டான்.

அரை மணி நேரம் கழித்துத் தட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். அவள் உடனே விந்துநீர் சேர்த்தாள். உடனே சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. கதிர் பட்ட முட்டையைச் சும்மா விட்டுவைத்தால் அது மெல்லத் தன்னைத்தானே தேற்றிக்கொள்ளும், தாமதம் குறைந்துகொண்டே வரும். விந்துக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. இதை முதல்முறை விளக்கிச் சொன்னபோது ஆமை, "அடி வாங்கினா கொஞ்ச நேரம் சும்மா இருக்கணும்னு முட்டைக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு. உனக்குத்தான் உடனே கத்தணும்," என்றான்.

மதியத்துக்கு மேல் அவள் எண்ண உட்கார்ந்தாள். முதலில் ஒரு முன்னோட்டம் பார்ப்பது வழக்கம், மூன்று குப்பிகள் மட்டும். கன்ட்ரோல் தட்டின் அறுபதாவது நிமிடக் குப்பியில் நூற்றுக்கு ஐம்பதாவது பிளந்திருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. எழுபத்தைந்திலும் இல்லை. தொண்ணூறில்தான் பாதிக்கு மேல் பிளந்திருந்தது.

குப்பியை மாற்றி எடுத்துவிட்டோம் என்று நினைத்தாள். சீட்டு சரியாக இருந்தது. நீர் குளிர்ந்திருந்தால் பிளவு தாமதமாகும். வெப்பமானியைப் பார்த்தாள், அதில் மாற்றமில்லை. முட்டை பழசோ என்றால், அதே விலங்கின் முட்டையில் அறைக்கே போகாமல் மேசையிலேயே வைத்திருந்த மிச்சம், அறுபதில் ஒழுங்காகப் பிளந்திருந்தது. ஒவ்வொரு காரணமாக எடுத்துப் பார்த்து ஓரம் தள்ளினாள். கடைசியில் கதிர் பட்ட தட்டின் குப்பியை எடுத்து எண்ணினாள். அதுவும் தொண்ணூறில் பாதிக்கு மேல்.

இரண்டு தட்டும் ஒன்றுபோல் இருந்தால் இரண்டிலும் ஒன்றேதான் நடந்திருக்க வேண்டும்.

அவள் கையிலிருந்த எண்ணும் கருவியைக் கீழே வைக்காமலே எழுந்து ஓடினாள். பாதுகாப்பு அதிகாரியை எல்லோரும் மீட்டர்காரர் என்பார்கள். அவர் பக்கத்துக் கட்டடத்திலிருந்து ஒரு மீட்டர் வாங்கி வந்து, நடையின் முதல் திருப்பத்தில் கையை மட்டும் நீட்டினார். முள் கடைசி வரை போய் அங்கேயே நின்றது.

"துண்டு வெளிய இருக்கு," என்றார். அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது. "கம்பி மட்டும் திரும்பி வந்திருக்கு. காலையிலேர்ந்து வெளிய இருக்கு. உள்ள யார் போனது, முட்டையக்கா?"

ஆமை வீட்டில் படுத்திருந்தான். உணவகத்தில் தின்றது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை மருத்துவமனையில் டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டு உட்காரவைத்தார். நடுவயதுப் பெண்மணி, சுற்றி வளைக்காமல் பேசினார்.

"பட்டையை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியல. அது அலமாரியில இருந்திருக்கு. ரத்தத்தைப் பாத்துச் சொல்ல ரெண்டு நாள் ஆகும். ஆனா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணுமா, எலும்பு மஜ்ஜைக்கு ஆள் தேடணுமான்னு நான் இன்னிக்கே சொல்லியாகணும். உங்க முட்டைக்கு எவ்வளவு பட்டுதுன்னு உங்களுக்குத் தெரியுமாமே?"

"நூறு கிரே," என்றாள் அக்கா.

டாக்டர் பேனாவை மூடினார். "மனுஷனுக்கு நாலு, அஞ்சுக்கே உயிர் ஊசலாடும்."

"முட்டைக்கு உரம் ஜாஸ்தி. அது தாங்கும். ஆனா நூறு விழுந்தது தட்டு இருந்த இடத்துல. தூரம் கூடக்கூடக் குறைஞ்சிடும். ரெண்டு மடங்கு தூரம் போனா கால்வாசி. மூணு மடங்கு போனா ஒன்பதுல ஒரு பங்கு. பத்து மடங்கு போனா நூத்துல ஒரு பங்கு." எதையாவது விளக்கிச் சொல்லிக்கொண்டிருக்கும்வரை அவள் குரல் நடுங்கவில்லை. "அவன் எங்க இருந்தான்னு தெரியணும்."

"அதைக் கேட்டாச்சு. தட்டை மேடையில வெச்சுட்டு, கதவுப் பக்கம் நாற்காலியைப் போட்டு உக்காந்து பேப்பர் படிச்சேன்னு சொல்றார். மூணு மீட்டர் இருக்கும்னார்."

முப்பது சென்டிமீட்டருக்கு மூன்று மீட்டர் பத்து மடங்கு. ஒரு கிரே. ஒரு கிரேயில் வாந்தி வரும், சோர்வு வரும், சில வாரம் ரத்தம் குறையும். ஆனால் ஆள் பிழைத்துக்கொள்வான்.

"கை கொஞ்சம் சிவந்திருக்கு. கேட்டா, கண்ணாடி கழுவற ஆசிட்னு சொல்றார்," என்றார் டாக்டர்.

"எங்க எல்லாருக்குமே கை அப்படித்தான் இருக்கும்." அவள் தன் கையை விரித்துக் காட்டினாள். விரல் நுனிகள் சிவந்து தோலுரிந்திருந்தன.

"அப்ப எனக்கு எழுத்துல குடுங்க. முட்டைக்கு எவ்வளவு, எந்த தூரத்துல எவ்வளவுன்னு. அஞ்சுக்குள்ள இருந்தா நான் போராடுவேன். பத்தைத் தாண்டினா..." டாக்டர் ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினார்.

வெளியே பெஞ்சில் தம்பியின் மனைவி சாப்பாட்டுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, அவர் கதவோரமாத்தான் உக்காந்திருந்தாராம். அப்ப பெருசா ஒண்ணும் இருக்காதுல்ல?"

"இருக்காது. சோம்பேறித்தனம்கூடச் சில நேரம் உதவுது பாரு."

"வீட்டுலயும் அப்படித்தான். ஒரு வேலை சொன்னா நாற்காலியைத்தான் முதல்ல தேடுவார்," என்றாள் தம்பி மனைவி. இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு நின்றபோது இரண்டு பேர் கண்ணும் நிறைந்திருந்தது. தம்பி சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்பதற்காகப் பத்தொன்பது வருட வேலையில் முதல்முறையாக அக்கா சந்தோஷப்பட்டாள்.

ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பியதும் எழுத உட்கார்ந்தாள். "சுமார் நூறு" என்று எழுத அவளுக்குக் கை வரவில்லை. மூன்று குப்பி பார்த்ததை வைத்து ஒரு எண்ணை எழுதித் தருவது அவள் பழக்கமில்லை. மிச்சக் குப்பிகளையும் எடுத்தாள். எழுபதில் ஒன்றுமில்லை. எண்பதில் இரண்டு. எண்பத்தைந்தில் பதினாறு. தொண்ணூறில் ஐம்பத்தெட்டு. தொண்ணூற்றைந்தில் தொண்ணூறு. நூறாவது நிமிடத்தில் தொண்ணூற்றேழு. புள்ளி வைத்துக் கோடு இழுத்தாள்.

கோடு சுவர்போலச் செங்குத்தாக ஏறியது.

அவள் பென்சிலை வைத்துவிட்டு அந்தக் கோட்டையே பார்த்தாள். பிறகு இழுப்பறையைத் திறந்து போன மாதத்துத் தாளை எடுத்தாள். ஆமை டீ குடிக்கப் போன அன்று வரைந்தது. அதில் கோடு, ஏற மனமில்லாத கிழவர் மாடிப்படி ஏறுவது மாதிரி, நின்று நின்று இழுத்துக்கொண்டு போனது. ஐம்பதில் தொடங்கி நூற்று இருபதாகியும் முடியவில்லை. சுழற்றாத தட்டு அது. இருபது நிமிடம் சும்மா கிடந்த முட்டைகள் அப்படித்தான் பிளக்கும். கதிர் பட்டதா இல்லையா என்பது கோடு எங்கே தொடங்குகிறது என்பதைத்தான் மாற்றும். குவிந்து கிடந்ததா இல்லையா என்பது அதன் சாய்வில் தெரியும்.

நேற்றைய முட்டைகள் தாமதமாகத்தான் பிளந்தன. ஆனால் அத்தனையும் சேர்ந்து பிளந்திருந்தன. மோட்டாரில் சுழன்ற முதல் தட்டின் கோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதைவிட இது ஒரு மயிரிழை செங்குத்தாகவே இருந்தது.

யாரோ அந்தத் தட்டை இருபது நிமிடமும் நிறுத்தாமல், அவசரப்படாமல், மோட்டாரைவிட நிதானமாகச் சுழற்றியிருக்கிறார்கள். மூன்று மீட்டர் தள்ளி நாற்காலியில் உட்கார்ந்து தட்டைச் சுழற்ற முடியாது.

தன் நெஞ்சுக்கும் மேசை மேலிருந்த தட்டுக்கும் உள்ள தூரத்தை அவள் அளவுகோலால் அளந்தாள். கை நீட்டி நின்றால் அறுபது. மேடையிலிருந்து துண்டுக்கு முப்பது. மொத்தம் தொண்ணூறு. மூன்று மடங்கு. ஒன்பதில் ஒரு பங்கு. பதினொன்று.

தவறாக எண்ணியிருக்கலாம் என்ற நப்பாசையில் தொண்ணூறாவது நிமிடக் குப்பியை இன்னொரு முறை எண்ணினாள். ஐம்பத்தொன்பது வந்தது.

டாக்டர் தாளை இரண்டு முறை படித்தார். "இது நிச்சயமா?" என்று மட்டும் கேட்டார்.

"முட்டைக்குப் பொய் சொல்லத் தெரியாது," என்றாள் அக்கா. "அவன்கிட்ட நான் பேசிட்டு வரேன். எப்படி நின்னான்னு சரியாத் தெரியணும். அதுக்கப்புறம் எழுதிக்கலாம்."

ஆமை தலையணையை உயர்த்தி வைத்துச் சாய்ந்திருந்தான். முகம் வெயிலில் கறுத்த மாதிரி இருந்தது. கைகளைப் போர்வைக்குள் வைத்திருந்தான். அன்று அவனுக்கு வாந்தி நின்றிருந்தது. இடையில் ஒன்றிரண்டு நாள் இப்படித் தெளிவாக இருப்பார்கள் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அந்தத் தெளிவை நம்பிவிட வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்.

"வா. மூஞ்சியை ஏன் இப்படி வெச்சிருக்கே? முள்ளெலி உன் காலைக் குத்திடுச்சா?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இப்ப எப்படிடா இருக்கு?"

"தேவலை. கொஞ்சம் சும்மா படுத்திருந்தா சரியாயிடும், உன் முட்டை மாதிரி." சற்று நிறுத்தி, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டான். "கன்ட்ரோல் எப்படி வந்துச்சு?"

என்ன சொன்னாலும் அதில் எல்லாம் அடங்கிவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அவள் எண்ணியதை மாற்றிச் சொல்லிப் பழகாதவள்.

"ஒண்ணுகூட வரிசை தப்பலடா. மோட்டார்ல வந்ததைவிட நல்லா வந்திருக்கு."

அவன் முகத்தில் சட்டென்று ஒரு பெருமை வந்தது, சின்ன வயதில் கணக்கு நோட்டில் சரி போட்டுக் கொடுத்தால் வருமே, அது. அது முழுதாக மலர்வதற்குள், தான் என்ன ஒப்புக்கொண்டுவிட்டோம் என்பதும் அவனுக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பு உதட்டிலேயே நின்றது.

"அவகிட்ட சொல்லாதே," என்றான். பெஞ்சில் இருந்தவளைத்தான் சொன்னான். "உன்கிட்டயும் சொல்ல வேணாம்னுதான் இருந்தேன். நீ சொல்லித்தான் பண்ணேன்னு உனக்கு நினைப்பு வந்துடும்."

"நான் சொல்லித்தானே பண்ணே."

"பச்சை எரிஞ்சுதுக்கா. நீ என்ன பண்ணுவே?"

அவள் போர்வையை விலக்கினாள். அவன் தடுக்கவில்லை. இரண்டு கைகளும் சிவந்து வீங்கி, விரல்களின் பக்கவாட்டில் கொப்புளம் கட்டத் தொடங்கியிருந்தது. கண்ணாடி கழுவும் அமிலம் அப்படிச் செய்யாது என்று அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

"எந்தக் கையால சுத்தினே?"

"ரெண்டாலயும்தான். வலிச்சா மாத்தி மாத்தி. கடிகாரம் பாத்து இருபது நிமிஷம்." அவன் கொஞ்சம் யோசித்தான். "மாத்தும்போது நின்னுடுமேன்னு ஒரு அரை நிமிஷம் சேத்தே சுத்தினேன்."

அவள் பையிலிருந்து தாளையும் பென்சிலையும் எடுத்தாள். அதில் தொண்ணூறு என்று எழுதி, கீழே பதினொன்று என்று போட்டிருந்தது.

"டாக்டருக்குச் சொல்லணும். கையை நீட்டி நிமிர்ந்து நின்னுதானே சுத்தினே?"

"நிமிர்ந்து நின்னா எப்படித் தெரியும்?" என்றான் ஆமை. வேலை தெரியாதவரிடம் பேசுகிற மாதிரி, பொறுமையாகச் சொன்னான். "குனிஞ்சுதான். மேடையில முழங்கையை ஊனிக்கிட்டு. முட்டை ஒரு பக்கமா ஒதுங்குதான்னு பக்கத்துல பாத்துக்கிட்டே இருக்கணும்ல. நீதானே சொல்லிக் குடுத்தே."

அவள் தலையை ஆட்டினாள். தொண்ணூறின் மேல் ஒரு கோடு போட்டு அடித்தாள். குனிந்தால் நெஞ்சிலிருந்து தட்டுக்கு முப்பது, அங்கிருந்து துண்டுக்கு முப்பது. அறுபது என்று எழுதினாள்.

"எவ்வளவு வருது?" என்று அவன் கேட்டான்.

அறுபது, முப்பதின் இரண்டு மடங்கு. நூறில் கால்வாசி. அவனுக்கும் அந்தக் கணக்கு தெரியும். அவள்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

"இன்னும் போடலடா," என்று சொல்லி அவள் தாளை மடித்தாள்.